சிங்கப்பூரில் இருக்கும் அம்மா

“இது யாரு? அம்மா. எங்க, சொல்லு பார்ப்போம். அம்மா.”

ஜன்னலோர இருக்கையிலிருந்த பெண், மடியில் இருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு செல்போனில் ஒரு படத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானம் புறப்படத் தயாராக நின்றது.

பக்கத்து இருக்கையில் வைதேஹி மாமி. ஸ்ரீரங்கத்திலிருந்து மகளைப் பார்க்கப் போகிறாள். குழந்தையைக் கண்டுவிட்டால் மாமியால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

“குழந்தை பேரென்னம்மா?”

“பிரான்சி, மாமி. நான் பெலிண்டா. பாலக்கரை.”

“இவ அம்மா அங்க இருக்காளா?”

“ஆமா மாமி, நர்ஸா இருக்கா. இவளை அங்க கொண்டுபோய் விடத்தான் போறேன்.”

பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு அப்படியென்ன வேலை என்று மாமிக்குச் சுருக்கென்றது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

விமானம் மேலே ஏறியதும் காது அடைத்துவிட்டதோ என்னவோ, குழந்தை வீறிட்டது. பால் புட்டியைத் தட்டிவிட்டது. படத்தைக் காட்டினால் அதையும் தள்ளிவிட்டு, பெலிண்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு “ம்மா, ம்மா” என்று தேம்பியது.

“ம்மா இல்லடா தங்கம். பெரிம்மா. பெரிம்மான்னு சொல்லு.”

குழந்தை இழுத்த இழுப்பில் அவள் தலையைச் சுற்றியிருந்த ஷால் நழுவியது. மொட்டைத் தலை. வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு முடி கொடுத்திருப்பாள் என்று மாமி நினைத்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்து குழந்தை அவள் தோளிலேயே தூங்கிப்போனது. பெலிண்டா அதன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சை இழுத்தாள். வெகு நேரம் முகத்தை எடுக்கவில்லை.

மாமிக்கு மனசு கேட்கவில்லை.

“பெத்தவளாட்டமா பாத்துக்கறே. ஆனா ஒண்ணு சொல்றேன், ரொம்பப் பாசம் வெச்சுடாதே. சின்னக் குழந்தை. அம்மாகிட்ட நாலு நாள் இருந்தா போறும், உன்னை மறந்தே போயிடுவா.”

பெலிண்டா சிரிக்கப் பார்த்தாள். 

“சீக்கிரம் மறந்துடணும்னுதான் தினமும் ஜெபம் பண்றேன் மாமி.”

“ஏம்மா அப்படிச் சொல்றே?”

பெலிண்டா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது விழித்துக்கொள்ளாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நான் இந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இனிமே என் தங்கச்சிதான் இவளுக்கு எல்லாம்.”

மாமி புரியாமல் பார்த்தாள்.

“இவளைப் பெத்தவ நான்தான் மாமி.”