பச்சைக் கிளி பார்த்த போளி

"ரூட்டர்ல சிவப்பு லைட்டு கண்ணை உருட்டிண்டிருக்கு! பதினொரு மணிக்கு துபாய்லேருந்து வீடியோ கால் வரது. நான் என்ன பண்ணுவேன்?"

விஜயம் போட்ட சத்தத்தில், மறுமுனையில் இருந்த கேபிள் ஆபீஸ் ஜினு போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தான்.

"மேடம், ரோடு தோண்டினப்போ கேபிள் கட்டாயிப் போச்சு. வைகிட்டு சரியாகும்."

"வைகிட்டா? அப்போ சாயங்காலம் வந்து நீயே என் போளி எல்லாத்தையும் தின்னுட்டுப் போ!"

போனை வைத்துவிட்டு அடுக்களையைப் பார்த்தாள். பிசைந்த மாவு எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. பூரணம் உருட்டி வைத்தாகிவிட்டது. நெட்டைத்தான் காணோம்.

வலியசாலை அக்ரஹாரத்தில் விஜயத்தின் போளி என்றால் தனி மரியாதை. ஆனால் தெருவுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஆன்லைனில் ஒரு பேஜ் தொடங்கி, போட்டோ போட்டு ஆர்டர் எடுக்கிறாள். இதுவரை வந்ததெல்லாம் பத்தும் இருபதும்தான். இப்போதுதான் முதல் கல்யாண ஆர்டர் வாசல் வரை வந்திருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் சுப்ரியா, தங்கை கல்யாணத்துக்குப் போளி கேட்டிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. அடுக்களையையும் போளி போடுவதையும் வீடியோவில் பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் இன்றே முடிவு. இல்லாவிட்டால் கிழக்கேகோட்டையில் வேறு ஆள்.

"மொபைல் டேட்டாவுல பேசேன்" என்றார் கணவர் ராமசுப்ரமணியன், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"இந்தக் கனத்த சுவத்துக்குள்ள ஒரு கோடுதான் வரது. தெருவுல அடுப்பை வச்சுண்டு போளி போடட்டுமா?"

"பக்கத்தாத்துல வேற கம்பெனி நெட். சரோஜத்துக்கிட்ட கேட்டுப் பாரு."

"அவகிட்டயா? செத்தாலும் மாட்டேன்!"

விஷயம் இதுதான். போன ஓணத்துக்கு முன்னால் விஜயம் தன் வீட்டை மேப்பில் போட்டாள். அந்தப் புள்ளி போய் சரோஜத்தின் வீட்டில் உட்கார்ந்துகொண்டது. போளி தேடி வந்தவர்கள் எல்லாம் சரோஜத்தின் கதவைத் தட்டி, அவள் விற்கும் பால் பாயசத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். வந்ததே கோபம் விஜயத்துக்கு! 'புள்ளியை நகர்த்தினது நீதானே?' என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

"ரெண்டு ஆத்துக்கும் ஒரே சுவர். புள்ளி தவறி அந்தப் பக்கம் விழுந்திருக்கும்" என்று ராமசுப்ரமணியன் அப்போதே சொன்னார். யார் கேட்டார்கள்?

"என் பேஜைப் பார்த்துட்டு துபாய்லேருந்தே ஆர்டர் வரதுன்னு அவளுக்குத் தெரிஞ்சா வயிறு எரிஞ்சுடுவா, கேட்டேளா?" என்ற விஜயம், கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஆகப்போகிறது. மானம் பெரிதா, கல்யாணம் பெரிதா? முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்த சரோஜம் ஒரு கணம் திகைத்தாள். "வாங்கோ" என்றாள்.

எப்போதும் 'வாடி' என்பவள். அந்த 'ங்கோ' விஜயத்துக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒண்ணுமில்லை... எங்காத்துல நெட் போயிடுத்து. ஒரு வீடியோ கால். உங்க வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமோ?"

"அதுக்கென்ன, தரேன். ஆனா உங்க அடுக்களை வரைக்கும் எட்டாதே! பேசாம என் அடுக்களையிலயே போடுங்கோ. எல்லா ஆத்துலயும் ஒரே மாதிரி அடுக்களைதானே? உங்களோடதுன்னே சொல்லிக்கோங்கோ. துபாய்ல இருக்கறவளுக்கு என்ன தெரியப் போறது?"

சொல்லும்போது சரோஜத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவசரத்தில் விஜயம் அதைக் கவனிக்கவில்லை. ஓடிப்போய் தோசைக்கல்லையும் மாவையும் பூரணத்தையும் தூக்கிக்கொண்டு வந்தாள். சரோஜம் கேமராவில் படாமல் ஃபிரிட்ஜ் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

கால் வந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவு.

"நமஸ்காரம் மாமி!" என்றாள் சுப்ரியா.

"நமஸ்காரம் குழந்தே! இதாக்கும் என் அடுக்களை. பாரு, ஒரு தூசி உண்டா? தினமும் நானே தேய்ச்சுக் கழுவறேன்."

ஃபிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கனைப்பு கேட்டது. விஜயம் அசரவில்லை. போளியைத் தட்டிக் கல்லில் போட்டாள்.

"ரொம்ப நன்னா இருக்கு மாமி. அந்த ஜன்னல்ல ஒரு பச்சைக் கிளி பொம்மை தொங்கறதே?"

விஜயம் திரும்பிப் பார்த்தாள். கிளியா? தன் வீட்டில் கிளி இருந்ததே இல்லை.

"அதுவா... உற்சவக் கடையில ஆசைப்பட்டு வாங்கினேன். எத்தனை அழகு, இல்லையா?"

சுப்ரியா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மாமி, இந்தக் கிளியை நேத்திக்கே பார்த்தாச்சு! சரோஜம் மாமி பாயசம் கிண்டிக் காட்டினப்போ இதே ஜன்னல்லதான் தொங்கிண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பாயசம் அவாதான்."

விஜயத்தின் கை அப்படியே நின்றது. அடிப்பாவி! எனக்கு முன்னாலேயே முந்திக்கொண்டாளா? பொய் சொல்லிப் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம், ஆர்டர் போன வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அப்போ... போளியும் அவளேதானா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். 'எனக்கு அந்தக் கைப்பக்குவம் வராது, போளின்னா பக்கத்தாத்து விஜயம்தான்'னு சொல்லி உங்க நம்பரைத் தந்ததே அவாதான் மாமி. உங்களுக்கு ஒரு பேஜ் இருக்கா என்ன?"

விஜயம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள, ஃபிரிட்ஜ் பக்கமிருந்து சரோஜத்தின் குரல் அதட்டியது: "அழுதது போறும், போளி கருகறது பாரு. திருப்பிப் போடுடி!"