அவசரக் கல்யாணம்

"உன் பங்கைப் பிரிச்சு எழுதித் தந்துடுறேன், அமிர்தம். மேட்டு நிலம் வேண்டாம். வாய்க்கால் ஓரத்துலயே எடுத்துக்க" என்றார் பஞ்சநதம்.

பதினைந்து வருஷமாகத் தங்கை வாசலை மிதிக்காதவர். இன்று குடவாசலிலிருந்து பேராவூரணிக்குக் கார் வைத்துக்கொண்டு வந்து, அவள் எடுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி பிரகதாம்பாள், மடியில் ஆப்பிள் பழப் பையோடு.

"கோர்ட்டுல கேட்டப்ப குடுக்காத பங்கு, இப்ப எதுக்குண்ணே?"

பிரகதாம்பாள்தான் பதில் சொன்னாள். "உங்க அண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு அமிர்தம். தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் ஓட்டுறோம். வேற கிட்னி வச்சாத்தான் பொழைப்பாராம். என் ரத்தம் சேரல. கூடப் பொறந்தவங்க குடுத்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு."

"உங்க மகன்?"

பஞ்சநதம் முகம் சுளித்தார். "ஆம்பளப் புள்ள. வாழ வேண்டியவன். அவன் உடம்புல கத்தி வைக்கச் சொல்றியா?"

"பொம்பள உடம்புல வைக்கலாம்."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? கட்டிக் குடுத்த பொண்ணு வேத்து வீட்டு ஆளுன்னு கூண்டுல ஏறிச் சொன்னீங்க. இப்ப மட்டும் கூடப் பொறந்தவளா?"

கேட்க வந்த இடம் என்பதால் பஞ்சநதம் கோபத்தை விழுங்கினார்.

எண்பத்தொன்பதில் ஆட்சி மாறியதும், பெண்ணுக்கும் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வரப்போகிற பேச்சு அடிபட்டது. சட்டத்துக்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அது செல்லாது என்று வக்கீல் காதில் போட்டார். அப்பா படுத்த படுக்கை; வீட்டில் பஞ்சநதம் வைத்ததுதான் சட்டம். மாசி முடிவதற்குள், கிடைத்த மாப்பிள்ளைக்குத் தங்கையைக் கட்டிவைத்துவிட்டார். பின்னால் அவள் போட்ட வழக்கு அந்தக் கல்யாணத் தேதியாலேயே தோற்றுப்போனது.

"பரீட்சை எழுதிட்டு வந்துடுறேன்னு உங்க கால்ல விழுந்தேன்" என்றாள் அமிர்தம். "கேக்கல. மணவறையில மாப்பிள்ளை முகம் ஊதிக் கெடந்துச்சு. என்னன்னு கேட்டதுக்கு, உடம்பு வாகுன்னு சொன்னீங்க."

"இப்ப மாப்பிள்ளை நல்லாத்தானே இருக்காரு?" பஞ்சநதம் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே அவள் புருஷன் கோவிந்தராசு தேங்காய்களைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் வந்ததைப் பார்த்தும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இருக்காரு. பட்டணத்து ஆஸ்பத்திரியில கெடந்தோமே, அப்ப பிள்ளைங்களைப் பாத்துக்க நாதியில்ல. வாங்கண்ணேன்னு ஆள் விட்டேன்."

"அது நடவு நேரம். எப்படி வர முடியும்?"

"ஆமா. நடவு."

அந்த ஒற்றைச் சொல்லில் பஞ்சநதத்துக்குப் பொறுமை அறுந்தது. வேகமாக எழப் பார்த்தார். வீங்கிய கால் ஊன்றவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பழசைப் பேசிப் பழி தீர்த்துக்குறியா? ஒரு வயித்துல பொறந்தவன் சாகக் கெடக்கேன். பங்கு என்ன, மொத்த நிலத்தையும் எழுதித் தர்றேன். ரெண்டு இருக்குல்ல உனக்கு? ஒண்ணைக் குடுத்தா செத்தா போயிடுவ?"

பிரகதாம்பாள் சட்டென்று அமிர்தத்தின் காலைத் தொடக் குனிந்தாள். அமிர்தம் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிங்க அண்ணி. நீங்க எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதாண்ணே. இன்னொண்ணு, நீங்க கட்டிவச்ச மாப்பிள்ளை உடம்புல இருக்கு."