நாலாவது டம்ளர்

"தலைவருக்கு இன்னொரு டம்ளர் ஜூஸ் ஊத்துங்கம்மா. வெயில்ல வந்திருக்கார் பாருங்க!" என்றார் தலைமையாசிரியை, வாயெல்லாம் பல்லாக.

உதவித் தலைமையாசிரியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடிந்து கிடக்கிற கழிப்பறையைக் கட்டித் தாருங்கள் என்று வருஷக்கணக்கில் நகராட்சிக்கு நடையாய் நடந்தவர் இந்த அம்மா. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்றே திருப்பி அனுப்பிய இதே நகராட்சித் தலைவருக்கு இப்படியா ஐஸ் வைப்பது?

இந்த வருஷம் ஊருக்கு எது முதலில் வேண்டும் என்று நகராட்சியும் பள்ளிக்கூடமும் சேர்ந்து முடிவு செய்கிற கூட்டம் அது. எட்டாம் வகுப்பு அறையில், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பட்டியல் மேலிடத்துக்குப் போயாக வேண்டும். முடிவாகாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று தலைவரே உத்தரவு போட்டிருந்தார்.

அவர் மனசில் முதலிடம் எப்போதோ முடிவாகிவிட்டது. கடைவீதி நடுவில் கலர் விளக்கு போட்ட நீரூற்று. அடியில் பளிங்குக் கல்லில் அவர் பெயர்.

"கழிப்பறை எங்க ஓடிடப் போகுது மேடம்? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ஊருக்கு ஒரு அழகு வேணாமா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். இந்தாங்க, தர்பூசணி எடுத்துக்குங்க."

உதவித் தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜக்கும் கையுமாக ஓர் இளம் டீச்சர் பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தார். முதலில் எலுமிச்சை ஜூஸ், அப்புறம் டீ, மறுபடியும் ஜூஸ். ஒருத்தரையும் விடவில்லை.

"போதும்மா. ரெண்டு டம்ளர் ஆயிடுச்சு" என்றார் தலைவர்.

"மூணு சார். இது நாலாவது" என்று திருத்திவிட்டு, சொட்டு கூடக் குறையாமல் ஊற்றினார் டீச்சர்.

இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்து நீரூற்று வீடியோவை ஓடவிட்டார். தண்ணீர் சளசளவென்று கொட்டியது. தலைமையாசிரியை பெரிய ஸ்பீக்கராகப் பார்த்து ஏற்பாடு செய்திருந்ததால், சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்டது.

முதலில் ஒரு பெண் கவுன்சிலர் கால்மேல் கால் போட்டார். அடுத்தவர் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். தலைவர் நெளிந்தார், வளைந்தார், கடைசியில் தலைமையாசிரியை பக்கம் குனிந்தார்.

"மேடம்... இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

"அடடா! ஸ்டாஃப் பாத்ரூம் ஒண்ணு இருக்கு சார். ஆனா பூட்டியிருக்கே. சாவி கணக்கு டீச்சர்கிட்ட மாட்டிக்கிச்சு. இன்னிக்குன்னு பார்த்து லீவு போட்டுட்டாங்க."

உதவித் தலைமையாசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைமையாசிரியை ஒரு பார்வை பார்த்தார். எடுத்த வாய் மூடிக்கொண்டது.

"அவங்களுக்கு போன் போடுங்க மேடம்!"

"போன் எடுக்க மாட்டேங்கறாங்க சார்."

"அப்ப பூட்டை உடைங்க!"

"ஐயையோ, அரசாங்கச் சொத்தாச்சே சார்! அவசரம்னா பிள்ளைங்களோடது இருக்கு. மைதானத்து மூலையில. தாராளமா போயிட்டு வாங்க."

"அந்தக் கணக்கு டீச்சர் மட்டும் என் கண்ணுல பட்டாங்க..." என்று பல்லைக் கடித்தபடி தலைவர் பாதி ஓட்டமாகக் கிளம்பினார்.

மூலையில் கூரையில்லாமல் மூன்று சுவர் நின்றது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறுமிகள் ஒரு துப்பட்டாவை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றார்கள். வெளியே நீளமாக வரிசை.

வரிசைக் கடைசியில் நின்ற சிறுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சார், இது கேர்ள்ஸ் டைம். பாய்ஸ் எல்லாம் அடுத்த பீரியட்தான்."

"அது வரைக்கும் தாங்காதும்மா."

"அப்புறம் எதுக்கு சார் தண்ணி குடிச்சீங்க? நாங்கல்லாம் வீட்டுக்குப் போய்த்தான் குடிப்போம்."

தலைவர் வீட்டிலும் அந்த வயசில் ஒரு பேத்தி உண்டு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நின்று வெட்கப்பட அவகாசம் இல்லை.

போன வேகத்தில் திரும்பி வந்தார். "எழுதுங்கய்யா! முதல் முன்னுரிமை பள்ளிக்கூடக் கழிப்பறை. பையன்களுக்குத் தனி, பொண்ணுங்களுக்குத் தனி. கதவோட, தாழ்ப்பாளோட, தண்ணியோட!"

"சார், அப்ப நம்ம நீரூற்று?" என்றார் இன்ஜினியர்.

"தண்ணின்னு இன்னொரு வார்த்தை பேசினே, பார்த்துக்க! முதல்ல அந்தச் சனியனை நிறுத்துய்யா!"

அத்தனை கையும் ஒன்றாக மேலே போயிற்று. அந்த நகராட்சியில் இவ்வளவு ஒற்றுமையாக, இவ்வளவு வேகமாக ஒரு தீர்மானம் நிறைவேறினதாகச் சரித்திரமே இல்லை. போட்ட கையெழுத்து காய்வதற்குள் கவுன்சிலர்கள் வாசலுக்குப் பறந்தார்கள்.

தலைவர் ஜீப்பில் தாவி ஏறினார். அவர் மறந்து வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜக் டீச்சர் பின்னாலேயே ஓடி வந்து நீட்டினார். தலை போகிற அவசரத்திலும் நாலு வார்த்தை விசாரிக்காமல் இருக்கத் தலைவரால் முடியாது. ஓட்டுக் கேட்டுப் பழகின வாயாயிற்றே!

"ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்கம்மா. நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

வண்டி நகரும் வரைக்கும் பொறுத்திருந்து டீச்சர் சொன்னார்:

"கணக்கு, சார்."