கூண்டை மூடிய சொல்

மே 16, வியாழன். சோலோ நகரம்.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பறவைக் கடைக்காரர் பாக் துகிரான் (‘பாக்’ என்றால் இங்கே ஐயா), நான் பார்த்துக்கொள்ளும் கடையின் இணையப் பக்கத்திலிருந்து மூராய் என்ற பாடும் பறவை ஒன்றின் படத்தை நீக்கச் சொன்னார். நான் நீக்காமல் மறைத்தேன். நான் போகும் மாலை நேரக் கணினி வகுப்பில் நேற்றுதான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படத்தின் நிரலில் ஒரு சொல்லை, அதாவது ஒரு சி.எஸ்.எஸ். கிளாஸை, சேர்த்தால் போதும், திரையில் தெரியாது. அதற்கு ‘கெரொடொங்’ என்று பெயர் வைத்தேன். கூண்டின் மேல் போடும் துணிக்கு இங்கே அதுதான் பெயர். துணி போட்டால் பறவை பறந்துவிடாது, உள்ளேயேதான் இருக்கும். படமும் அப்படியே.

அது திருட்டுப் பறவை என்று பிறகுதான் சொன்னார். யாரோ விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்தார்களாம். பாட்டுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய, எங்கள் தெருத் தலைவர் பாக் மார்சூதியின் பறவை. காணாமல் போனதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. புகாரை விசாரிப்பவர் போலீஸ்காரர் பாக் சுப்ரப்தோ.

வகுப்பில் அவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. எனக்குத் தெரிந்த பாடம் அவருக்கும் தெரியும்.

பயந்தது போலவே மாலையில் கடைக்கு வந்தார். மடிக்கணினியைத் திறந்து, ஒற்றை விரலால் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தட்டினார். கிளாஸ் கழன்றது. வாலை நீட்டிக்கொண்டு பறவை திரையில் நின்றது.

துகிரானின் கையிலிருந்த சில்வண்டு டப்பா நழுவியது. பறவைத் தீனி கடை முழுக்கத் துள்ளி ஓடியது.

“இத மறைச்சது யாரு?”

துகிரான் என்னைக் காட்டினார். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

திருட்டுப் பொருளை ஒளித்தால் சிறை. திருட்டுப் பொருளின் படத்தை ஒளித்தால்? எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் அது நடத்தப்படவில்லை. விலங்கு மாட்ட வசதியாக இரண்டு கைகளையும் நீட்டினேன்.

“கைய மடக்கு தம்பி.” தொப்பியில் ஏறிய சில்வண்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். “வகுப்புல நீதான் கெட்டிக்காரன்னு சொல்றாங்க. நான் விக்கக் குடுத்த பறவைய இப்படி மூடி வெச்சா எவன் வந்து வாங்குவான்?”

துகிரான் குனிந்து சில்வண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“ஊருக்கே தெரியணும். பாக் மார்சூதிக்கு மட்டும் தெரியக் கூடாது. அதுக்கு என்ன வழின்னு வாத்தியார்கிட்ட கேளு. நானே கேட்டா நல்லாருக்காது, கேஸு என்கிட்ட இருக்கு.”

நாளைய வேலை: ஒருவருக்கு மட்டும் மறைத்து, மற்ற எல்லோருக்கும் காட்டுவது எப்படி என்று வகுப்பில் கேட்க வேண்டும்.