தலையாட்டாத பொம்மை

அந்தக் காரோடு பிறந்த ஸ்டீரியோவுக்குத் தன் பாட்டைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. டேஷ்போர்டில் நின்ற தலையாட்டி பொம்மைதான் அதற்குக் காரணம். எந்தப் பாட்டைப் போட்டாலும் பொம்மை சொக்கிப்போய்த் தலையாட்டும். இப்படியொரு ரசிகை யாருக்குக் கிடைப்பாள் என்று ஸ்டீரியோ கதவுகளிடமெல்லாம் பீற்றிக்கொள்ளும்.

முதலாளி பிச்சைக்கனிக்கோ காது வலித்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டலாம் என்று பட்டறைக்குப் போனார்.

"எல்லாத்தையும் மாத்த இந்தக் காசு பத்தாதுண்ணே. ஸ்டீரியோல பழுதில்ல, கதவுல இருக்கிற ஸ்பீக்கர்தான் கிழிஞ்சு கிடக்கு. அத மட்டும் மாத்துவோம்," என்றார் மெக்கானிக்.

உயிர் பிழைத்த ஸ்டீரியோ, புது ஸ்பீக்கரில் தன் பழைய பாட்டொன்றை மெல்ல எடுத்தது. எடுத்ததுமே திகைத்துப்போனது. பாட்டுக்கு அடியில் ஒரு மிருதங்கம் முழங்கிக்கொண்டிருந்தது. பாடுகிறவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இவ்வளவும் தனக்குள்ளேயா இருந்தது?

ஆசையோடு பொம்மையைப் பார்த்தது. நின்றிருந்த காருக்குள் பொம்மை ஆடாமல் அசையாமல் இருந்தது.

"ஏம்மா, பிடிக்கலையா?" என்று கேட்டது ஸ்டீரியோ.

"பேசாதீங்கண்ணே, கேட்டுக்கிட்டிருக்கேன்."

"அப்போ இத்தன வருஷமா தலையாட்டினியே?"

"அதுவா? அது ரோட்டுல கிடந்த குழிண்ணே."

கோபப்பட ஸ்டீரியோவுக்கு நேரமில்லை. அதுவரை அது கேட்டேயிராத ஒரு புல்லாங்குழல் அந்தப் பாட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.