மாப்பிள்ளை வீட்டுத் தரை

காப்பி வரும்வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

சட்டைப் பையிலிருந்து தடித்த அஞ்சு ரூபாய் நாணயத்தை எடுத்தார். குனிந்து, கூடத்து டைல்ஸைத் தட்டினார்.

டொக். டொக்.

தட்டித் தட்டியே சைட் இன்ஜினியரிலிருந்து கட்டுமானக் கம்பெனியின் துணைத் தலைவர் ஆனவர். அவர் வருகிறார் என்றால் இருபது மாடிக் கட்டடம் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும். மேஸ்திரிகளுக்கு அன்று பேதி.

ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கும் அதுதான். கோயிலில் சாமியைப் பார்க்கமாட்டார், கூரைக் கசிவைப் பார்ப்பார். சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி வந்ததே சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

இன்று மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருக்கிறார். மகள் அபர்ணா தானே தேடிக்கொண்ட பையன். வழக்கமில்லைதான், அவளும் காரில் ஏறிக்கொண்டாள். அப்பாவை நம்பவில்லை.

“நானே கூட நின்னு கட்டினது, சம்பந்தி,” என்றார் பையனின் அப்பா சிங்காரவேலு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். “காலைலயும் சாயங்காலமும் நானே தண்ணி ஊத்தினேன்.”

“தெரியுது.”

டொப்.

தட்டியவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகள் பிறந்தபோதுகூட இவ்வளவு இல்லை.

பையிலிருந்து சாக்பீஸ் வந்தது. அடியில் சிமென்ட் பிடிக்காத டைல்ஸுக்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. கூடம். அடுக்களை வாசல். பூஜை அறை. பையனின் அம்மா காப்பித் தட்டோடு குறிகளைத் தாண்டித் தாண்டி வந்தாள்.

“அப்பா, போதும்.”

“எல்லாம் உனக்காகத்தாம்மா.”

சிங்காரவேலு ஒரு குறியின்மேல் பாதத்தை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

இவர் நாணயத்தால் அவர் கால்விரலைத் தட்டினார்.

சிங்காரவேலு நகர்ந்தார். பையன் தன் அப்பாவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அபர்ணாவின் அப்பா கைத்தூசியை உதறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஆறிப்போன காப்பியை ரசித்துக் குடித்தார்.

“பையன் தங்கம். தரையைப் பேத்துட்டுப் புதுசாப் போட்டுடலாம், நான் பாத்துக்கறேன். நிச்சயத்தை எப்ப வெச்சுக்கலாம்?”

பையனின் அம்மா தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள்.

சிங்காரவேலு போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“சொல்லி அனுப்பறோம், சார்.”

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து நிலைக்கதவைப் பார்த்தார். நிலை லேசாகச் சாய்ந்திருந்தது.

இதையும் சொல்லிவிடலாமா என்று பூரித்துப்போய் மகள் பக்கம் திரும்பினார்.

அவள் எப்போதோ செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றாள்.