நாலு புள்ளிக்கு ஒரு நிறம்

"இதை ஏத்தினது யாரு?"

மேலாளர் கண்ணில் மாட்டிப் படம் பார்க்கிற ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வைத்த சத்தத்தில் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான்தான் சார்" என்றாள் டிரைவரம்மா. சிப்பை ஓட்டுகிற நிரலை எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர்.

"நம்ம சிப்போட வித்தையே என்ன? நீயே சொல்லு."

"கண்ணு பார்க்கிற இடத்துல புள்ளிக்குப் புள்ளி நிறம் கணக்குப் போடும். ஓரத்துல நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறம். ஓரத்தை யாரும் உத்துப் பார்க்கிறதில்ல. பாதி வேலை மிச்சம்."

"நல்லா ஒப்பிக்கிற. அப்புறம் இதுல மட்டும் ஏன் நடுவுல மொத்தையா, ஓரத்துல தெளிவா இருக்கு? சட்டையை உள்வெளியா மாட்டின மாதிரி?"

யாரோ சிரித்தார்கள்.

"இது கழுகு சாரோட ஹெட்செட்தானே? அவரும் கவனிக்கலையா?" என்றார் மேலாளர்.

பரிசோதகர் தொண்டையைக் கனைத்தார். எந்தப் படத்தில் எந்தப் பிழை இருந்தாலும் பிடித்துவிடுவதால் அவருக்குக் கழுகு என்று பெயர். அவர் பேசுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"காலைலதான் ஏத்தினேன் சார். அவர் இன்னும் போட்டுப் பார்க்கல. என் தப்புதான்."

"தப்பு நடக்காம என்ன செய்யும்?" என்றார் சிக்கனம். சிப்பை வடிவமைக்கிறவர். சிலிக்கானில் ஒரு இழை இடம் வீணானாலும் அவருக்குத் தூக்கம் வராது. "எங்கே தெளிவு, எங்கே மொத்தைன்னு மாத்தி எழுத சிப்புக்குள்ள ஒரு அட்டவணை வெச்சிருக்கோம். எதுக்குங்கறேன்? எல்லாருக்கும் கண்ணு ஒண்ணுதானே. நடு தெளிவுன்னு நிரந்தரமாப் பதிச்சுட்டுப் போவோம். இடமும் மிச்சம், இந்தக் கூத்தும் இருக்காது."

"செஞ்சிடுங்க. சாயந்திரத்துக்குள்ள சிப்போட அளவு குறையணும்."

"அட்டவணை வேணும் சார்" என்றாள் அவள்.

"காரணம் சொல்லு."

காரணம் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தது. கழுகுக்குப் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டிருந்தது. ஓரத்தால்தான் பார்க்கிறார். ஓரங்களில் மினுங்கும் பிழைகளை மற்றவர்கள் தவறவிட, அவர் மட்டும் பிடிப்பதும் அதனால்தான். ஆனால் வெளியே தெரிந்தால் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று பயந்தார். அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவருக்காகத்தான் அந்தத் தலைகீழ் ஏற்பாடு. அட்டவணை போய்விட்டால் புதுச் சிப்பில் அவருக்கு எல்லாமே மொத்தைதான். அத்தோடு வேலையும் போகும்.

"காரணம் இல்ல சார்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

கூட்டம் கலைந்தது. அவள் நேரே சிக்கனத்தின் மேசைக்குப் போனாள்.

"அண்ணே, இந்த ஒரு தடவை. அட்டவணையை விட்டுடுங்க."

"ஏன், இது உங்க அப்பா வீட்டுச் சிலிக்கானா?"

"அண்ணிக்கு வாங்கின மோதிரத்துலயே சின்னக் கல்லா பார்த்து வாங்கினவர்தானே நீங்க."

"கல்லா? யாரு சொன்னா? அது கண்ணாடி."

அவள் சிரிக்கவில்லை. "நீங்கல்லாம் மனுஷனே இல்லண்ணே."

"சரி, மனுஷன் இல்ல. அந்த ஹெட்செட்டைக் கொடுத்துட்டுப் போ. நீ பண்ணின கூத்தை நானும் பார்க்கிறேன். மாத்தி வெச்சுடாதே, அப்படியே கொடு."

எல்லோரும் சாப்பிடப் போனபோது அவர் மட்டும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோதும் கழற்றியிருக்கவில்லை. குறை கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு இத்தனை நேரமா என்று அவளுக்கு எரிந்தது.

சாயந்திரம் மேலாளர் வந்தார். திரையில் சிப்பின் வரைபடம்.

"பலே, சொன்ன அளவு குறைஞ்சிருக்கே." குனிந்து பார்த்தார். "இது என்ன, அட்டவணை அப்படியே இருக்கு?"

அவள் தன் இடத்திலிருந்து எழுந்துவிட்டாள்.

"இருக்கட்டும் சார். வேற ஒண்ணை எடுத்துட்டேன்" என்றார் சிக்கனம். "வேகம் கொஞ்சம் குறையும். ஆனா நீங்க கேட்டதுக்கு மேலதான்."

"எதை எடுத்தீங்க?"

"ஊகிக்கிற பகுதியை."

கண் அடுத்து எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற பகுதி அது. சிக்கனத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. அதைச் சிப்பில் சேர்க்க வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்.

"உங்க பிள்ளையாச்சே அது!"

"உட்கார்ந்து சாப்பிடற பிள்ளை சார். எத்தனை நாள் வெச்சுக்கிறது?"

"காலைல அட்டவணைதான் வீண்னு குதிச்சீங்க?"

"காலைல சொன்னேன். மத்தியானம் போட்டுப் பார்த்தேன். தப்புன்னு தெரிஞ்சுது."

"எனக்கு அளவு சரியா இருந்தாப் போதும்" என்று மேலாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏண்ணே?"

"எதுக்கு ஏன்? இடம் குறைஞ்சுதா இல்லையா?"

அதற்குள் கழுகு வந்துவிட்டார். "வரைபடம் முடிவாயிடுச்சாமே. நானும் ஒரு தடவை பார்த்துடறேன்."

"வாங்க சார்" என்று சிக்கனம் கைக்கணினியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழுகின் எதிரே போய் நின்று, அவர் முகத்துக்கு நேராக நீட்டாமல், ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.